காலர் மைக்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் அக்கா, எனக்கு வேண்டாம். வெயில் பட்டால் லேப்டாப் திரையில் ஒன்றும் தெரியாது. அந்த வயர்கூடையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும், முழங்கை இடிக்கிறது. பரீட்சைக்கெல்லாம் படிக்கவில்லை. இது படம். நான் எடுத்த படம்.

இன்று சாயங்காலம் மதுரையில் ஒரு குறும்பட விழா. மாணவர்கள் எடுத்த படங்கள். என்னுடையதும் போடுகிறார்கள். கடைசிப் பிரதியை நான்தான் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அதில் ஓர் இடத்தை எடுத்துவிடும்படி நடித்த பையன் கேட்கிறான். எடுத்தால் என் படம் செத்தது. எடுக்காவிட்டால் அவன் அம்மா உயிரோடு செத்துப்போவாராம். மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வருவதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும். அதனால்தான் திருநெல்வேலியில் ஏறியதிலிருந்து இந்தத் திரையை முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

நியாயம் என் பக்கம்தான். முழுக்கக் கேளுங்கள், நீங்களே சொல்வீர்கள். என் கூட்டாளிகளிடம் கேட்டால், "உன்னோடு பேசி ஜெயிக்க முடியாது, நீ சொல்வதுதான் சரி" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அது ஒரு பதிலா? சம்பந்தமில்லாத ஓர் ஆள் கேட்டுவிட்டுச் சொல்லவேண்டும். என் பெயர் செங்கொடி. சிரிக்கலாம், பரவாயில்லை. அப்பா மின்வாரியத்தில் தொழிற்சங்கக்காரர். பெயர் வைக்கும்போது என்னைக் கேட்கவில்லை.

ப்ளூஸ் என்று ஓர் இசை இருக்கிறது அக்கா. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உண்டாக்கியது. அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், பருத்திக்காட்டில் இடுப்பு ஒடிய நின்றவர்கள், பாடியது. ஒரு வரி பாடுவார்கள். அதே வரியைத் திரும்பப் பாடுவார்கள். மூன்றாவதில் ஒரு பதில் வைப்பார்கள். நம் பக்கம் இழவு வீட்டில் மாரடிக்கும்போது ஒரே வரியை இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டு, கடைசியில் சொத்தைத் தின்ற பங்காளியைப் பார்த்து ஒரு குத்து குத்துவார்களே, கிட்டத்தட்ட அது. கிட்டார் கம்பியை விரலால் இழுத்து, சுரத்தைப் போய்ச் சேரவிடாமல் பாதி வழியிலேயே நிறுத்துவார்கள். தொண்டை அடைத்த மாதிரி இருக்கும்.

அந்த ப்ளூஸைத் தூத்துக்குடியில் ஒரு பையன் கற்றுக்கொள்கிறான். அதுதான் என் படம். எங்கள் பேராசிரியருக்குக் கதையைச் சொன்னேன். அவர் உடனே கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வயதான ஆங்கிலோ இந்தியர் வேண்டும் என்றார். தொப்பி போட்டிருப்பாராம், கையில் பழைய கிட்டாராம், பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இறந்துபோவாராம். எனக்கு வந்ததே கோபம். ஏன் சார், ஒரு பையன் துக்கத்தைக் கற்றுக்கொள்ள வாத்தியார் வேண்டுமா, இந்த ஊரில் துக்கத்துக்கா பஞ்சம் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. என் படத்தில் வாத்தியார் கிடையாது. அவனும் அவன் போனும்தான். பார்த்துப் பார்த்து வாசிக்கிறான், தோற்கிறான், ஒருநாள் சட்டென்று அது அவனுக்கு வந்துவிடுகிறது. அந்த ஒருநாள்தான் படத்தின் உச்சம்.

பையன் கிடைத்தது இசக்கியால். இசக்கி என்றால் என் வகுப்பு, படத்துக்கு ஒளிப்பதிவும் அவன்தான். போன் கண்ணாடி உடைந்து ஒரு கடைக்குப் போயிருக்கிறான். பழுது பார்க்கிற பையன், பசை காய்கிற நேரத்தில் கிட்டாரை எடுத்து வாசித்தானாம். இசக்கி அங்கிருந்தே எனக்குப் பேசினான். "ஏ செங்கொடி, உன் ஆளு கெடச்சிட்டான்." எபனேசர். எபி என்று கூப்பிடுவோம். உப்பளத்தை ஒட்டிய ஒரு காலனியில் வீடு. அப்பா இல்லை. அம்மா ரூத் உப்பளத்தில் வேலைக்குப் போகிறவர். எபி அங்கே ஒரு பெந்தெகொஸ்தே சபையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கிட்டார் வாசிப்பவன். கிட்டார் சபையுடையது. அவனுக்குச் சொந்தமாக ஒன்று கிடையாது.

முதல் நாளே அவன் ஒன்று சொல்லிவிட்டான். "அக்கா, நான் நடிக்கது சபைல தெரியக் கூடாது. நேரம் பாத்து நானே பாஸ்டர் ஐயாட்ட சொல்லிக்கிடுதேன்." அந்தச் சபையில் சினிமா பார்க்கவே மாட்டார்கள். எபி வீட்டில் டிவிகூட இல்லை. மேடையில் வாசிக்கிறவன் சினிமா பக்கம் போனது தெரிந்தால், கிட்டாரை வாங்கி வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள். திருவிருந்து என்று சபையில் எல்லோருக்கும் கொடுக்கிற அப்பமும் திராட்சை ரசமும் அவனுக்குக் கிடையாது. எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் தன் பாவத்தை அறிக்கை செய்த பிறகுதான் சேர்த்துக்கொள்வார்கள். இந்தக் காலத்தில் அக்கா. ஒரு பையன் என்ன வாசிக்கலாம் என்று வேறொருவர் முடிவு செய்கிறார். எனக்கு அன்றைக்கே காது சூடாகிவிட்டது. அவன் வேண்டாம் என்று கெஞ்சியதால் பேசாமல் இருந்தேன்.

அவன் விரல் நல்ல விரல். ஆனால் கேமரா முன்னால் வாசித்தால் ஒன்றுமே இல்லை. சுரம் எல்லாம் சரி, இழுப்பு எல்லாம் சரி, துக்கம் மட்டும் இல்லை. பாயசத்தில் சீனி போட மறந்த மாதிரி. நான் கத்தியிருக்கிறேன். "உனக்கு வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலியா எபி?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "இல்லக்கா, ஆண்டவர் நல்லாத்தான் வச்சிருக்காரு." அப்பா இறந்ததை நினைத்து வாசி என்றேன். சிரிப்பு நின்றது, வாசிப்பு அப்படியேதான் இருந்தது. இந்தப் பையனுக்கு ஆழம் இல்லை என்று இசக்கியிடம் சொன்னேன். இசக்கி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சரி, அவன் உண்மையிலேயே வாசிக்கிற இடத்தில் எடுப்போம் என்றுதான் சபைக்குப் போனது. கல்லூரியில் கிறிஸ்தவ இசை பற்றி ஒரு பிராஜெக்ட் என்று எபியே பாஸ்டரிடம் கேட்டு வாங்கினான். ஆராதனைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஜெபத்தை எடுக்காதீர்கள் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். தகரக் கூரை போட்ட சபை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இசக்கி ஆண்கள் பக்கம் பின்னால் நின்றுகொண்டான். நான் எபியின் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன். கிட்டார் சத்தம் தெளிவாக வேண்டும் என்று எபியின் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கை மாட்டிவிட்டேன். மறைத்தெல்லாம் வைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்துதான், அவனே குனிந்து காட்டினான். இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் அவன் இப்போது பேசுகிற பேச்சு வேறு மாதிரி இருக்கிறது.

பாட்டெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு பாஸ்டர் ஞானதுரை பேச ஆரம்பித்தார். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் சபையில் டிரம்ஸ் வாசித்தவன், ஆர்கெஸ்ட்ராவோடு போய்க் கெட்டுச் சீரழிந்தானாம். உலகத்தின் பாட்டு வேறு, ஆண்டவரின் பாட்டு வேறு, ஒரே வாயில் இரண்டும் வராது என்றார். எல்லோரும் ஆமென் சொல்கிறார்கள். எபியும் குனிந்துகொண்டு ஆமென் சொல்கிறான். அக்கா, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அதற்குப் பிறகு சாட்சி நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லலாம். முதலில் எபியின் அம்மாதான் எழுந்தார். அவர் சாட்சி அந்த வட்டாரத்திலேயே பெயர் போனதாம், பாஸ்டர் மற்ற ஊர்களில் பேசப் போனாலும் அதைச் சொல்வாராம். அவர் வீட்டுக்காரர் மொடாக் குடிகாரராக இருந்தவர். சபைக்கு வந்து, ஞானஸ்நானம் எடுத்து, குடியை விட்டார். ஒருநாள் உப்பளத்தில், உப்பு அம்பாரத்துக்குப் பின்னால், முட்டி போட்டு ஜெபித்த நிலையிலேயே உயிர் போயிற்று. "என் வீட்டுக்காரர ஆண்டவர் முட்டியில நிக்கும்போதே கூட்டிக்கிட்டாரு" என்று அந்த அம்மா சொன்னபோது பெண்கள் எல்லாம் தேம்பினார்கள். அதைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் அந்தத் தெருவிலேயே இருக்கிறார்களாம்.

அவர் உட்கார்ந்தார். நான் எழுந்துவிட்டேன்.

யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தானே? நான் மரியாதையாகத்தான் பேசினேன். ஐயா, நீங்கள் சொல்கிற பிரிவினை சரித்திரத்துக்கே பொருந்தாது என்று தொடங்கினேன். கறுப்பின மக்கள் சனிக்கிழமை பாடிய ப்ளூஸும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடிய பாட்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்றேன். இதோ உங்கள் எபனேசர் இருக்கிறான், அவன் என் படத்தில் நடிக்கிறான், ப்ளூஸ் வாசிக்கிறான், அவன் எந்த விதத்தில் கெட்டுப்போனான் என்று கேட்டேன்.

அவனுக்காகத்தான் அக்கா. அவன் வாயைத் திறக்க மாட்டான், நான் திறந்தேன். நேரம் பார்த்து நேரம் பார்த்து என்று எத்தனை நாள் பார்ப்பான்?

பாஸ்டர் என்னைத் திட்டுவார், நான் பதில் சொல்லலாம் என்று இன்னும் நாலு வாதம் கையில் வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "ஸ்தோத்திரம், உக்காரும்மா" என்றார். பிறகு எபியைப் பார்த்து, "உண்மையா தம்பி?" என்றார். அவன், "ஆமா ஐயா" என்றான். "கிட்டார வச்சிட்டு வாங்க." அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. எபி கிட்டாரைக் கழற்றி, துணியால் ஒருமுறை துடைத்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்து போனான். என்னைக் கடந்துதான் போனான், பார்க்கவில்லை. பாஸ்டர், இந்தத் தம்பிக்காக எல்லோரும் ஜெபிப்போம் என்றார்.

நீங்கள் அந்த மாதிரி ஜெபத்தைக் கேட்டிருக்கிறீர்களா? ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்பது அல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில், அவரவர் சொந்த வார்த்தையில், வாய்விட்டு. தகரம் அதிர்கிறது. பக்கத்தில் நிற்கிறவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தை புரியாது. எனக்கு அது வெறும் கூச்சலாகத்தான் இருந்தது. நான் கோபத்தில் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. இசக்கி மட்டும் கேமராவை நிறுத்தாமல் எபியின் மேல் வைத்திருந்தான். நான்தான் கண்ணைக் காட்டினேன். ஜெபத்தை எடுக்காதீர்கள் என்றது எபிக்குச் சொன்னது, எங்களிடம் நேரடியாக யாரும் சொல்லவில்லை.

காலர் மைக் அவன் காலரிலேயே இருந்தது.

அறைக்கு வந்து அந்த ஒலியைத் தனியாகப் போட்டுக் கேட்டேன். மைக் அவன் தொண்டைக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. கூட்டத்தின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கடல் மாதிரி போய்விட்டது. அவன் குரல் மட்டும், காதுக்குள் வந்து பேசுகிற மாதிரி. பாதிப் பேச்சு, பாதிப் பாட்டு. அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்: "அப்பா முட்டி போடலயே ஆண்டவரே. அப்பா முட்டி போடலயே. நான்தான போட வச்சேன்." ஒரு வரி. அதே வரி திரும்ப. மூன்றாவதில் பதில். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை அக்கா. சுத்தமான ப்ளூஸ்.

மீதியும் அதே ஜெபத்தில்தான் இருந்தது. அவன் அப்பா குடியை விடவே இல்லை. ஒளித்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் குப்புறக் கிடந்தவரை முதலில் பார்த்தது எபி. பக்கத்தில் பாட்டில். பாட்டிலை ஓடையில் எறிந்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, அப்பா முட்டி போட்டு ஜெபித்தபடியே சாய்ந்திருந்தார் என்று ஓடிவந்து சொல்லியிருக்கிறான். அம்மா அதைச் சாட்சியாக்கிவிட்டார். சபை அதைப் பிரசங்கமாக்கிவிட்டது. "அம்மை சொல்லுத சாட்சி நான் சொன்ன பொய்யாக்கும் ஆண்டவரே, அத அவ கணக்குல வைக்காதேயும்" என்று அழுகிறான். கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இதை உங்களிடம் ஏன் சொன்னேன் என்றா? சொல்லாமல் நீங்கள் எப்படித் தீர்ப்புச் சொல்வீர்கள்? நீங்கள் எந்த ஊரோ, அவர்கள் எந்த ஊரோ. உங்களுக்குத் தெரிந்ததால் யாருக்கு என்ன கெட்டுப்போய்விட்டது? முன் சீட்டுக்காரர் தூங்குகிறார், பாருங்கள். கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன்.

அந்த இடத்தை வைத்ததும் படத்துக்கு உயிர் வந்துவிட்டது. இசக்கி எடுத்த காட்சி, அவன் கடைசி வரிசையில் மண்டியிட்டுக் கிடக்கிறான், எல்லோருடைய கைகளும் மேலே. அதன்மேல் அவன் குரல். பேராசிரியர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அந்த மனிதர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

எபிக்குத்தான் நான் முதலில் காட்டியிருக்கவேண்டும். சரி, இரண்டாவதாகக் காட்டினேன். அதுவே ஒரு மரியாதைதான், எத்தனை பேர் காட்டுகிறார்கள்? அவன் கடைக்கே லேப்டாப்பைக் கொண்டுபோனேன். இயர்போனில் கேட்டான். முழுக்கக் கேட்டான். கழற்றி, ஒயரைச் சுருட்டி என் கையில் கொடுத்தான்.

"அக்கா, அந்த நேரத்துல யாரு சொல்லுததும் யாருக்கும் கேக்காது. அதுக்குத்தான் எல்லாரும் சேந்து சத்தமா ஜெபிக்கோம்."

நான் விளக்கினேன். கலை என்பது தனிமனிதனுடைய துக்கத்தை எல்லோருடையதாக ஆக்குவது என்றேன். எத்தனையோ பிள்ளைகள் குடிகார அப்பாவை மறைத்து வாழ்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் உன் குரல் ஆறுதல் என்றேன். ஒரு பொய்யின் மேல் ஒரு சபையே நிற்கிறது, அது உனக்குச் சரியாகப் படுகிறதா என்றும் கேட்டேன். அவன் வாதாடவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எதிரில் இருப்பவன் ஒரு காரணம் சொன்னால் நான் பத்து சொல்வேன். "அம்மா உயிரோட செத்துப்போவாக்கா. வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு போனைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டான். படம் தொடங்கும்போது, "எல்லாத்தையும் எடுத்துக்கோங்கக்கா" என்று சொன்னவன் இவன்தான். நான் அதை ஞாபகப்படுத்தினேன். "கிட்டார் வாசிக்கதச் சொன்னேன்" என்றான்.

என் தோழியின் கிட்டாரைக்கூட வாங்கிக்கொண்டு போயிருந்தேன், சபைக் கிட்டார் போய்விட்டதே என்று. அது அவன் கடையில் உறையைக்கூடப் பிரிக்காமல் நிற்கிறதாம். நன்றி என்ற ஒன்று கிடையாதா?

இது எந்த ஊர்? சாத்தூரா? அதற்குள்ளா?

ஒரு நிமிடம் அக்கா, போனில் ஏதோ வந்திருக்கிறது. அவன்தான். குரலில் பேசி அனுப்பியிருக்கிறான். நீங்களும் கேளுங்கள், சத்தத்தைக் குறைத்துத்தான் போடுகிறேன்.

"அக்கா, நான் எபி. அம்மா மதுரைக்கு வாராவோ. நான் நடிச்ச படம்னு சொன்னேன், பாஸ்டர் ஐயாட்ட கேட்டுட்டுத்தான் வாராவோ. ஐயா, பிள்ளை நடிச்சதப் பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லுங்கன்னாராம். அக்கா, நான் இனி ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்க எப்பிடிப் போட்டாலும் சரி. ஆனா அந்த எடம் வரும்போது நீங்க எங்க அம்மா பக்கத்துல உக்காந்திருக்கணும். என்னால முடியாது, நான் வெளிய நிப்பேன்."

கேட்டீர்களா? இது மிரட்டல் இல்லையா? கெஞ்சுகிற மாதிரி ஒரு மிரட்டல். நான் மேடைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியவள். இயக்குநர் அங்கேதான் உட்காருவார். நான் எதற்கு அந்த அம்மா பக்கத்தில் உட்காரவேண்டும்? அவர் பாவம், தியேட்டர் மாதிரி ஓர் இடத்துக்கே வந்திருக்க மாட்டார். விளக்கை அணைத்தால் பயந்து என் கையைத்தான் பிடித்துக்கொள்வார். அன்றைக்குச் சபையில் உட்காரப் பாய் விரித்து, பிள்ளை சாப்பிட்டியா என்று கேட்ட கை. நான் எழுந்து அப்படிப் பேசிய பிறகும், போகும்போது ஒரு தூக்குவாளியில் மீன்குழம்பு கொடுத்துவிட்டார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குரலை, இருட்டில்.

ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? அவருக்கும் உண்மை தெரியவேண்டாமா? வாழ்நாள் முழுக்க ஒரு பொய்யைச் சாட்சி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா அவர்?

நீங்கள் ஏதாவது சொல்லுங்கள் அக்கா. கூடையையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி?

சரி. இருங்கள். எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. காலர் மைக்கை அணைத்துவிடலாம். அந்த இடத்தில் கூட்டத்தின் இரைச்சலை மட்டும் போடலாம். அவன் மண்டியிட்டிருக்கிறான், உதடு அசைகிறது, சபை இரைகிறது, அவன் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. மோசமில்லை. அவனுக்காக என்று நினைக்காதீர்கள், இது என் தீர்மானம். ஓர் இயக்குநராக எடுத்த தீர்மானம். விருதுநகரே தாண்டிவிட்டோம், இப்போது ஆரம்பித்தால்தான் முடியும்.

கேமராவில் ஏறிய சத்தம் உதவாது. இசக்கி தலைக்கு மேல் மின்விசிறி, கரகரவென்று அதுதான் இருக்கிறது. என் போனிலும் அன்றைக்கு ஒலிப்பதிவு மடியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, கூச்சல்தானே என்று. இதோ. இயர்போனைப் போட்டுக்கொள்கிறேன், கொஞ்ச நேரம் என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

ம். நல்ல இரைச்சல். அலை ஏறி இறங்குகிற மாதிரி இருக்கிறது. இதைப் போடலாம்.

கிட்டத்தில் யாரோ ஒரு குரல் மட்டும் தூக்கலாக இருக்கிறது. எபியின் அம்மா. என்னை ஒட்டித்தானே நின்றார். என் போனுக்கு நேர் மேலே அவர் வாய். இதைக் கொஞ்சம் குறைத்தால்

இருங்கள்.

இருங்கள் அக்கா.

இல்லை, ஒன்றுமில்லை. தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள்.

அக்கா, நம் பக்கமெல்லாம் செத்தவர்களைக் குளிப்பாட்டுவது யார்? வீட்டுக்காரர் செத்தால்? பெண்டாட்டிதானே தலைக்கு ஊற்றுவாள். முகத்தைத் துடைப்பாள். குனிந்து வாயைத் துடைப்பாள். அத்தனை வருடம் அந்தச் சாராய வாடையோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாமலா... இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? எபிக்கு ஏன் தோன்றவில்லை? அந்த அம்மாவுக்கு...

இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். அதைச் சொல்ல மாட்டேன். அது அவர் ஆண்டவரிடம் சொன்னது. பிள்ளையைப் பற்றிச் சொன்னார், அவ்வளவுதான். இருவரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே நேரத்தில், ஒருவருக்கு ஒருவர் கேட்காமல். இதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எப்பேர்ப்பட்ட படம் தெரியுமா? எந்த விழாவுக்கு வேண்டுமானாலும் போகும். இசக்கியிடம் சொன்னால் துள்ளுவான். பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டுவார்.

திருமங்கலம் போர்டு போகிறது, பாருங்கள்.

இதை அழித்துவிட்டேன். ஆமாம், போனிலிருந்துதான். காலர் மைக் ஒலியையும். இல்லை, யோசித்துத்தான் செய்தேன். இரைச்சலும் வேண்டாம், அதில் யார் குரல் எங்கே இருக்குமோ. அந்த இடத்தில் எந்தச் சத்தமும் இருக்காது. கைகள் மேலே போகும், உதடுகள் அசையும், அவ்வளவுதான். அரங்கில் யாராவது ஒலி போய்விட்டது என்று கத்துவார்கள். சொல்லப்போனால், இப்போதுதான் படம் நன்றாக இருக்கிறது. இதை நான் முதலிலேயே யோசித்திருப்பேன், அவன் அவசரப்படுத்தாமல் இருந்திருந்தால்.

அக்கா, சாத்தூருக்கு முன்னால் நான் உங்களிடம் ஒன்று சொன்னேன் இல்லையா, எபியின் அப்பாவைப் பற்றி. அதை நீங்கள்... சரி. சொன்னது சொன்னதுதான். நீங்கள் யார், எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. இப்போது கேட்கவும் பயமாக இருக்கிறது.

படம் முடிந்ததும் நடுவர்கள் மைக்கை நீட்டுவார்கள். அந்த இடத்தில் ஏன் சத்தம் இல்லை என்று கேட்பார்கள். என்னிடம் பதில் இல்லாமல் நான் எங்கேயும் நின்றதில்லை. இன்றைக்கும் பதில் இருக்கிறது. ஆனால் எழுந்து போக முடியாது. அந்த அம்மா என் கையைப் பிடித்திருப்பார்.